தோட்டமும் கடையும் கை மாறும்போது: சொத்துக் காகிதங்களைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

"உயில் எழுதணும், நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பட்டா யார் பெயரில் இருக்கிறது? நிறையப் பேருக்கு அது இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். தாத்தா பெயரில் உள்ள நிலத்தை அப்பா தன் உயிலில் மூத்த மகனுக்கு என்று எழுதி வைத்தால், தாலுகா ஆபீஸில் அந்த உயிலை வைத்து நேரடியாக எதுவும் நடக்காது. தாத்தாவின் மற்ற பிள்ளைகள், அத்தைகள் உட்பட, எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆகவே உயில் எழுதுவது இந்த வரிசையில் கடைசிப் பக்கம் வரும் வேலை.

தமிழ்நாட்டில் சில ஏக்கர் நிலமும், அதோடு ஒரு மில்லோ கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, டவுனில் ஒரு சின்ன எண்ணெய் மில், ஒரு வீடு, மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான அம்மா. கோடீஸ்வரர் இல்லை. ஆனால் சிக்கல் இருக்கிறது. கோடீஸ்வரருக்கு ஆடிட்டர் இருப்பார். இவருக்குப் பீரோவில் ஒரு மஞ்சள் பை இருக்கும்.

அந்தப் பையைக் காலி செய்யுங்கள்

ஒரு நோட்டு வாங்கி, இருப்பதையெல்லாம் எழுதுங்கள். நிலத்துக்குச் சர்வே நம்பர், உட்பிரிவு எண், பரப்பு, எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்த ஆண்டு எந்த எண்ணில் பதிவான பத்திரம் என்ற விவரம். வங்கிக் கணக்குகள், கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள பங்குத் தொகை, பயிர்க் கடன், நகைக் கடன், எல்.ஐ.சி. பாலிசிகள். மில்லின் ஜி.எஸ்.டி. எண், உணவு உரிமம், மின் இணைப்பு எண், கட்டடம் வாடகை என்றால் ஒப்பந்தமும் அட்வான்ஸ் ரசீதும்.

அப்புறம் கடன்கள். கொடுத்தது, வாங்கியது இரண்டும். ஊரில் பாதிக் கொடுக்கல் வாங்கல் கைமாற்றாகவே நடக்கிறது; யாருக்கு எவ்வளவு என்பது வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது. காரியம் முடிந்த மறுவாரம் "அண்ணன் என்கிட்ட ரெண்டு லட்சம் வாங்கியிருந்தார்" என்று ஒருவர் வந்து நிற்பார். உண்மையா பொய்யா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) வாங்கி வைத்திருந்தால் அதற்கும் காலக்கெடு மூன்று ஆண்டுதான். இடையில் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ வரவாகி, எழுத்தில் கையெழுத்தோடு பதிவாகியிருந்தால்தான் அந்தக் கெடு நீளும். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்தான் அப்பாவின் கடனுக்குப் பொறுப்பு, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கடனில் மனைவியோ மகனோ சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களே கடனாளிகள். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகிறதா

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இவை எல்லாவற்றையும் மூலப்பத்திரத்தோடு ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், சர்வே நம்பர், பரப்பு, நான்கு எல்லை.

வழக்கமாக இடிக்கும் இடங்கள் இவை. பத்திரத்தில் 'குப்புசாமிக் கவுண்டர்', ஆதாரில் 'குப்புசாமி', பட்டாவில் 'குப்பண்ணன்'. இது சின்ன விஷயம். தாசில்தார் அளவில் சரியாகிவிடும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980-களில் நடந்த யு.டி.ஆர். சர்வேயில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரோ, அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயர் மட்டுமோ ஏறியிருந்தால் அது பெரிய விஷயம். வருவாய்த் துறையில் மேல் அதிகாரிகள் வரை மனுப் போக வேண்டியிருக்கும். எதிர்த் தரப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவில் கோர்ட்தான். இதை அப்பா உயிரோடு இருக்கும்போதே செய்வது நல்லது. "இது எங்க பங்கு, அவங்க பங்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்" என்று விசாரணையில் சொல்லத் தெரிந்த ஆள் அவர்தான்.

தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் வழி நீளமானது, ஆனால் தெளிவானது. தாத்தாவின் இறப்புச் சான்று, பிறகு தாசில்தார் தரும் வாரிசு சான்று, அதை வைத்து வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா. அதன் பின் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து, அவரவருக்குத் தனிப் பட்டா. பங்கு வேண்டாம் என்று சொல்லும் அத்தை இருந்தால் அவரிடம் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். கல்யாணத்தின்போது நகை போட்டுவிட்டு 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிய கையெழுத்து, பதிவு செய்யாததால் செல்லாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஆவணமும் பதிவாக வேண்டும்.

பட்டாவில் பெயர் இல்லாததன் விலை இப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது. மத்திய அரசின் விவசாயி உதவித் திட்டமான பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்கு 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே நிலம் தன் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும்தான் விலக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டாலும் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும் (பயிர் விவரப் பதிவேடு)தான்.

எதுவும் எழுதாமல் போனால்

இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியச் சொத்து மனைவி, மகன், மகள், அம்மா என எல்லாருக்கும் சமமாகப் போகும். அம்மா என்ற இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள். பெரும்பாலானவர்கள் மறப்பது அதைத்தான்.

நம் கணக்கில் உள்ள எண்ணெய் மில்காரர் திடீரென்று இறந்தால் மில்லும் வீடும் நான்கு பங்காகும்: மனைவி, மகன், மகள், அம்மாவுக்குக் கால் பங்கு. ஓரிரு ஆண்டில் அந்த அம்மாவும் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய கால் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது மில்காரரின் தம்பியும் தங்கையும், இறந்துபோன மில்காரரின் பிள்ளைகளோடு சேர்ந்து, மில்லில் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். ஒரு மெஷினை மாற்ற வங்கியில் கடன் கேட்டால்கூட அவர்கள் கையெழுத்து வேண்டும். அம்மாவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவருக்கு வீட்டில் கடைசி வரை இருக்கும் உரிமையும் மாதாமாதம் ஒரு தொகையும் உயிலிலேயே எழுதி வைக்கலாம். சட்டம் தானாகப் பிரிக்கும் பிரிப்பு நம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

மகளுக்குப் பங்கு உண்டா என்று இன்னும் கேட்கிறார்கள். உண்டு. பூர்வீகச் சொத்திலும் உண்டு. தமிழ்நாடு 1989-இலேயே, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் அப்படியே நிற்கும். மகளை ஒதுக்கிவிட்டுப் போடும் எந்தத் திட்டமும் வழக்குக்கு நாள் குறிப்பதுதான்.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே இருந்தால் இன்னொரு முடிச்சு. அவர்கள் பங்குக்கு வந்த நிலத்தையோ கட்டடத்தையோ கோர்ட் அனுமதி இல்லாமல் தாய் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கணவர் இறந்து, வங்கிக் கடன் நெருக்கி, ஒரு ஏக்கரை விற்றால் போதும் என்ற நிலையில் இது பெரிய தடை. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், முப்பது வயதானாலும், முழுவதையும் மனைவி பெயருக்கு ஓர் உயில் எழுதி வைப்பது நல்லது என்பேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதை மாற்றிக்கொள்ளலாம்.

மேலே சொன்னது இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் ரத்தாகிவிடும் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். முஸ்லிம்கள் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலா, செட்டில்மெண்டா

உயில் இறந்த பிறகு நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத் தாள் வேண்டாம். பதிவுகூடக் கட்டாயம் இல்லை. செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்; பதிந்த அன்றே சொத்து கை மாறிவிடும். மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகள் உயர்ந்தன. பாகப்பிரிவினைக்கும் இதே கணக்குதான், ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக. யார் யார் 'குடும்பம்' என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மருமகள், மருமகன் பெயருக்கு எழுதும் எண்ணம் இருந்தால், பத்திரம் எழுதும் முன்பே தீர்வை எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு குறைவு, இறந்த பின் வாரிசு சான்று அலைச்சல் இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் செட்டில்மெண்ட் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடியிருக்கும் வீட்டையும் சோறு போடும் தொழிலையும் உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்காதீர்கள், பிள்ளை எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும். தோட்டத்தில் ஏற்கெனவே இறங்கி உழைக்கும் மகனுக்கோ மகளுக்கோ அவர்கள் பங்கை செட்டில்மெண்ட் செய்வதில் நியாயம் இருக்கிறது. சொந்தப் பெயரில் பட்டா இருந்தால்தான் சொட்டு நீருக்கு மானியம், கடன் எல்லாம் அவர்களே கேட்க முடியும்.

அப்படிக் கொடுக்கும்போது இரண்டு வரிகளை விடாதீர்கள். ஒன்று, உங்கள் ஆயுள் காலம் வரை வருமானத்தை நீங்களே அனுபவிக்கும் பாத்தியம். இரண்டு, உங்களையும் உங்கள் துணையையும் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பராமரிக்கத் தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்தது என்று காட்ட வேண்டும். "அன்பின் பேரில்" என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கு இழுபறி ஆகும். ஆவண எழுத்தர் தன் கம்ப்யூட்டரில் உள்ள பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். படித்துப் பார்த்து இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கிணறு, பாதை, மின் இணைப்பு

நிலத்தை இரண்டாகப் பிரிப்பது எளிது. சண்டை வருவது அதில் இல்லை. நாலு ஏக்கருக்கும் ஒரே கிணறு, ஒரே இலவச மின் இணைப்பு, ரோட்டிலிருந்து ஒரே வண்டிப் பாதை. கிழக்குப் பாதி மகளுக்கு, மேற்குப் பாதி மகனுக்கு என்று எழுதிவிட்டுப் போனால், கிணறு இல்லாத பாதிக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

ஆகவே உயிலானாலும் பாகப்பிரிவினையானாலும் சொத்து விவரத்தில் இவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு. தண்ணீர் முறை நாள் கணக்கா மணிக் கணக்கா. மோட்டார் பழுதுக்கும் தூர் வாரவும் செலவு யார். குழாய் எந்த வரப்பு ஓரமாகப் போகும். பாதை எத்தனை அடி அகலம், எந்தச் சர்வே நம்பர் வழியாக. பழைய பத்திரங்களில் 'மாமூல் வண்டிப் பாதை பாத்தியம் சகிதம்' என்று ஒரு வரி வரும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வரும் காலத்தில் அது போதாது. அகலத்தை அடிக் கணக்கில் எழுதி, ஒரு வரைபடமும் இணைத்துவிடுங்கள். மின் இணைப்பு யார் பெயருக்கு மாற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இறந்த பிறகு பெயர் மாற்றம் கேட்டுப் போனால் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், அப்போது பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தங்கையாக இருந்தால் வேலை நின்றுவிடும். தென்னை மரங்கள், களம், மாட்டுக் கொட்டகை இவற்றையும் மறக்க வேண்டாம்.

உயிலை எழுதும்போது

வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் செல்லும். எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் உயிர். உங்களைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கக்கூடிய சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்; உங்கள் வயதுச் சிநேகிதர் அன்றைக்கு இருப்பாரா? உயிலால் பயன் பெறுபவரையோ அவர் துணையையோ சாட்சியாக வைக்காதீர்கள்.

பதிவு செய்து விடுங்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும். நீங்கள் இருக்கும் வரை அதன் நகலை வேறு யாரும் வாங்க முடியாது என்பதால் ரகசியம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஒருவருக்குக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுதினால், காரணத்தை ஒரு வரி எழுதுங்கள்: "மகளுக்கு வீடு கட்ட ஏற்கெனவே பணம் கொடுத்திருப்பதால்." பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், அப்பாவுக்கு நினைவு தப்பிய காலத்தில் எழுதி வாங்கினார்கள் என்று வழக்குப் போட வசதியாகிவிடும். கடைசியில், இதில் சொல்லாத சொத்துகளும் இனி வாங்குபவையும் யாருக்கு என்று ஒரு வரி.

மில்லும் கடையும்

தனி ஆள் பெயரில் நடக்கும் தொழிலுக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. உரிமையாளர் போனால் ஜி.எஸ்.டி. பதிவும் அவரோடு போய்விடும். மகன் தன் பான் எண்ணில் புதுப் பதிவு எடுத்து, பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.) ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். வரிசை மாறினால் அந்த வரவு போய்விடும். தொழிலைத் தொடர்ந்து நடத்தினால் அப்பா காலத்து ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் மகனே பொறுப்பு. மூடிவிட்டால் வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்.

பங்குதாரர் தொழிலில் வேறு எதுவும் எழுதாவிட்டால் ஒருவர் இறந்ததும் 1932-இன் சட்டப்படி நிறுவனம் கலைந்துவிடும். 'ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம், இறந்தவர் பங்கு இந்த முறையில் மதிப்பிட்டு இத்தனை தவணையில் வாரிசுகளுக்குத் தரப்படும்' என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் அந்தப் பிரிவும் உதவாது, ஏனென்றால் மிஞ்சிய ஒருவர் தனக்குத் தானே பங்குதாரர் ஆக முடியாது. மூன்றாவது ஆளாக மனைவியையோ மகளையோ இப்போதே சேருங்கள். நிறுவனம் பதிவாகாமல் இருந்தால், வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தொழிலில் கடன் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே 1874-இன் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி மக்கள் பெயரில் எடுத்தால், அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும் நேரத்திலேயே கேட்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. ஏஜெண்டுகள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

நாமினியும் பவரும்

வங்கியில் நாமினி என்றால் பணத்தை வாங்கும் ஆள், அவ்வளவுதான். உரிமை உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோதான் போகும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை, சதவீதம் குறித்து நாமினி போடலாம். உயிலில் சொன்னதும் நாமினி படிவமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரில் போட்ட நாமினி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

பவர் பத்திரம், அதாவது நமக்காகச் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம், எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே செத்துவிடும். "அப்பா எனக்குப் பவர் கொடுத்திருக்கார், உயில் எதற்கு?" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் செலவுக்குப் பணம் எடுப்பதும் அதே ரகம்; பிறகு மற்ற வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும்.

வீட்டில் ஒருவர் இறந்த பிறகு

21 நாட்களுக்குள் இறப்பைப் பதிந்து, சான்றில் பெயர் ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடி வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு. சான்றின் பல நகல்கள் வாங்கி வையுங்கள். அடுத்து இ-சேவை மையத்தில் வாரிசு சான்றுக்கு விண்ணப்பம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணையின்போது ஒருவர் பெயரையும் மறைக்க வேண்டாம், சண்டையாக இருந்தாலும். மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தாகும், அதை வைத்து மாற்றிய பட்டாவும் தகராறுக்குள்ளாகும். இது வந்த பிறகுதான் பட்டா மாற்றம், மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கம் எல்லாம். நாமினி இல்லாத பெரிய வங்கித் தொகைக்கும் கம்பெனிப் பங்குகளுக்கும் சிவில் கோர்ட்டின் வாரிசுரிமைச் சான்றைத் தனியாகக் கேட்கக்கூடும். தாசில்தார் சான்றும் இதுவும் வேறு வேறு.

இறந்தவரின் செல்போன் நம்பரை உடனே ரத்து செய்துவிடாதீர்கள், ரீசார்ஜ் செய்து வையுங்கள். ஜி.எஸ்.டி. தளம், மின் வாரியம், உணவு உரிமம் என எல்லாத் தகவலும் ஓ.டி.பி.யும் இன்னும் பல மாதங்களுக்கு அந்த நம்பருக்குத்தான் வரும்.